பதினேழாவது ஆள்

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் வெளியே மைனஸ் பதினெட்டு. வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், எதிர்வீட்டு மங்கை அக்கா தெருவைக் கடப்பதைப் பார்த்ததும் ஷவலை அப்படியே பனியில் குத்திவிட்டு உள்ளே ஓடிவந்தார். "ஏட்டி, ஒங்க கட்சிக்காரங்க வாராங்க. நான் குளிக்கேன்னு சொல்லிரு." சுடலைமுத்துவுக்கு அரசியல் என்றாலே குளியலறை ஞாபகம் வந்துவிடும். அவர் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை, ஓட்டும் இல்லை. அதில் அவருக்கு இருக்கிற நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

நான் போன வருடம் வாங்கினேன். இது என் முதல் தேர்தல். தேர்தல்கூட இல்லை, கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்களே முடிவு செய்யும் சுற்று. அமெரிக்காவிலேயே முதலில் எங்கள் அயோவா மாநிலத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பெயர் காக்கஸ். சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. பள்ளிக்கூட ஹாலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. எந்த மூலையில் போய் நிற்கிறாயோ அதுதான் ஓட்டு. ஊரே பார்க்கும்.

மங்கை அக்கா, முழுப்பெயர் மங்கையர்க்கரசி, செனட்டர் ரூத் ஹாலரனுக்கு எங்கள் வட்டத்தின் கேப்டன். கரூர்க்காரர், அறுபத்தொரு வயது. மாமா போய் ஆறு வருடமாகிறது. மகன் சியாட்டிலில். மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக மாத்திரை எண்ணிக் குப்பியில் போடுகிற வேலை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பதினோரு நாள் ரசம் வைத்துக் கொண்டுவந்தவர். அவர் ஒரு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் நான் படித்துப் பார்க்கமாட்டேன்.

"நெம்பச் செரமப்பட்டுச் சேத்திருக்கறேன் கண்ணு. என்னையும் சேத்திப் பதினெட்டுப் பேரு. வந்தவங்கள்ல நூத்துக்குப் பதினஞ்சு வேணும். இல்லீன்னா நம்ம மூலையையே கலைச்சுப் போடுவாங்க. நீ வந்துருவியல்லோ?"

"வராம எங்கக்கா போவேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. ஹாலரனை எதிர்த்து நிற்கும் கவர்னர் பிரிக்ஸுக்கு எங்கள் வட்டத்தில் கேப்டன் லிண்டா. என் ஆபீஸ் லிண்டா, என் மேலதிகாரி.

ஜனவரி 31, புதன்

பள்ளி நிர்வாக ஆபீஸில் நாங்கள் மூன்று கிளார்க்குகள். வரும் வருடத்துக்கு இரண்டு பேர் போதும் என்று மேலே முடிவாகிவிட்டது. யார் அந்த இரண்டு பேர் என்பதை லிண்டா சொல்வாள். மார்ச் இரண்டாம் வாரம் கடிதம் வரும்.

இன்று அவள் கவுண்டரில் ஒரு கிண்ணம் நிறைய பிரிக்ஸ் படம் போட்ட பட்டன்களைக் கொண்டுவந்து வைத்தாள். "எடுத்துக்கோங்க, எல்லாரும் நம்ம ஆளுங்கதானே" என்று சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சட்டையில் குத்திக்கொண்டார்கள். நான் ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். குத்தவில்லை. அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

தேங்காய்ப் போளி செய்தேன். அக்காவுக்கு ஆறு கொடுத்தனுப்பினேன். நாளை காக்கஸ்.

பிப்ரவரி 5, திங்கள்

நடுநிலைப் பள்ளியின் சாப்பாட்டு ஹால். ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். பதிவேட்டில் பெயர் எழுதியவர்கள் நூற்றுப் பதின்மூன்று பேர். நடத்தியவர் ஜெரால்ட் என்கிற ஓய்வுபெற்ற பேண்டு வாத்தியார். பலகையில் கணக்குப் போட்டு, ஒரு மூலை நிலைக்கப் பதினேழு பேர் வேண்டும் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அக்காவின் பதினெட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். ஆகச் சரியாகப் பதினேழு. ஒரு ஆள் உபரி இல்லை.

"அவங்கவங்க மூலைக்குப் போங்க" என்று ஜெரால்ட் சொன்ன நேரம் பார்த்து வடிவிடமிருந்து போன். காலேஜில் ஏதோ பிரச்சினை. ஹாலில் ஒன்றும் காதில் விழவில்லை என்று வராந்தாவுக்கு வந்தேன். என் மகள் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் விடமாட்டாள்.

நான் திரும்பி உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பிரிக்ஸுக்கு 61. மூன்றாவது வேட்பாளர் மேயர் கோலுக்கு 35. ஹாலரனுக்கு 16. கூட்டினால் 112. ஒரு ஆள் குறைகிறது. எந்த மூலையிலும் சேராதவர் யார் என்று ஜெரால்ட் மூன்று தடவை கேட்டிருக்கிறார். கால்மணி நேரம் அவகாசமும் கொடுத்திருக்கிறார். அக்கா மேயர் மூலைக்குப் போய், ஒரே ஒரு ஆள் வாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை எண்ணியபோதும் பதினாறு. யாரோ பாதியில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி ஜெரால்ட் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூலை கலைகிற களேபரத்தில் நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். என் தோளைப் பிடித்து, "நீயும் இந்நேரமா நின்னு காலு வலிச்சிருக்கும் கண்ணு" என்றார். ஒரே சத்தம். பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு கார் நிறுத்துமிடத்தில், காரின் மேல் கை வைத்துக்கொண்டு அக்கா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விரல் மடக்கினார். உன்னையும் சேர்த்துப் பதினாறு பேர் வந்தார்கள், என்னையும் சேர்த்தால் பதினேழு ஆகவேண்டும், எப்படிக் குறைந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாருக்கும் ஒரே நீலப் பனியன். அவர் முகம் பார்த்து எண்ணுகிறவர் அல்ல. மாத்திரையைத் தள்ளுவதுபோல் தோள் தோளாகத் தொட்டுக்கொண்டே போவார். மூக்கு நுனி சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது. பார்க்க மனசு தாங்கவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது.

"அக்கா, நீங்க ஒங்கள எண்ணுனீங்களா?" என்றேன்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாநிலம் முழுக்க எண்ணி, பிரிக்ஸ் ஹாலரனைவிட கால் சதவீதம்கூட மேலே இல்லை. டீவியில் இதைக் மயிரிழை, நூலிழை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு வட்டத்தால் இதெல்லாம் மாறிவிடாது. சுடலைமுத்துவிடம் கேட்டேன், அவரும் மாறாது என்றார். அவருக்கு என்ன தெரியும்?

இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமா. உப்புப் போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

வடிவு போனில் பேசினாள். இரண்டு வாரமாகப் பரீட்சையாம், மூச்சு விட நேரமில்லையாம். "ஸாரிம்மா, கூப்பிடவே முடியல. அந்தக் காக்கஸ் எப்படிம்மா இருந்துச்சு? ஒண்ணுமே சொல்லலையே நீ" என்றாள். நன்றாக இருந்தது என்றேன். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அடுத்த மாநிலத்தில் ஹாலரன் ஜெயித்தார், பிரிக்ஸ் இரண்டாவது. இப்போது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகள் கணக்கில் மூன்று பேர்தான் வித்தியாசம். ஆபீஸில் லிண்டாவுக்கு முகம் கடுகடு. நான் குனிந்து பேருந்து அட்டவணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

எனக்குள் ஒரு கெட்ட ஆசை இருக்கிறது, எழுதிவைக்கிறேன். ஹாலரன் பெரிதாகத் தோற்கவேண்டும், இல்லை பெரிதாக ஜெயிக்கவேண்டும். எதுவானாலும் சரி. ஒரு ஆளுக்கு மதிப்பில்லாத அளவுக்கு ஏதாவது ஒன்று நடக்கவேண்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

ஊர் வாரப் பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கத்தில் அக்காவின் படம், நீலப் பனியனோடு. 'தன்னை எண்ண மறந்த கேப்டன்' என்று தலைப்பு. நிருபர் வேறு யாரையோ பேட்டி எடுக்க வந்தவர். அக்காவே அவரிடம் போய், தப்பு என்னுடையது, என் ஆட்கள் யாரையும் குறை சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைச் சிரிப்புச் செய்தியாக்கிவிட்டார்கள். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார் பாருங்கள்.

பத்திரிகையைப் பழைய தாள் கட்டுக்கு அடியில் வைத்தேன். சுடலைமுத்து அதை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "இவங்களா மறப்பாங்க? போன வருசம் நாம திருப்பிக் குடுக்காத டப்பா எத்தனைன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க" என்றார்.

நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

என் பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளாயிற்று. வேறு வழியில்லாமல் மருந்துக்கடைக்குப் போனேன். வரிசை கதவு வரைக்கும் நின்றது. முன்பெல்லாம் அக்கா தட்டில் மாத்திரையைக் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளினால் கண் தொடர முடியாது. இன்று ஒருமுறை தள்ளுகிறார், மறுபடி சேர்த்துக் கொட்டுகிறார், மறுபடி தள்ளுகிறார். உதடு அசைகிறது.

எனக்கு முன்னால் இருந்த ஆள் குப்பியை வாங்கி, மூடியைத் திறந்து, கவுண்டரிலேயே கொட்டி எண்ண ஆரம்பித்தார். "உங்களையும் சேர்த்து எண்ணிடலையே?" என்று கேட்டுத் தானே சிரித்தார். முப்பது சரியாக இருந்தது. அக்காவும் அவரோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் இருமல் மருந்து அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் முறை வந்தபோது, "நீயும் ஒருக்கா எண்ணிப் பாத்துக்க கண்ணு" என்றார்.

"எதுக்குக்கா அதெல்லாம்."

"இல்ல, பாத்துக்க. எனக்கே நம்பிக்கையில்ல."

எண்ணினேன். அவர் சொன்னார் என்பதற்காக எண்ணினேன். எதிரில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 24, சனி

அக்கா வந்தார். டீ குடிக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயதில் ஆரம்பித்ததாம். முதலில் அடுப்பில் பால் வைத்ததை மறந்தார், பிறகு பெற்ற மகளையே யாரென்று கேட்டார். "எங்கம்மா என்னைப் பாத்து, ஏனுங்க நீங்க எந்த ஊருன்னு கேட்டாங்க கண்ணு. அன்னைக்கு நான் செத்தே போனேன். எனக்கும் அதேதான் தொடங்கிருச்சாட்டம் இருக்குது. இல்லீன்னா யாராச்சும் தன்னைய எண்ண மறப்பாங்களா?"

"ஒரு தடவ மறந்தா வியாதியா அக்கா? நான் எத்தனை மறக்கேன்."

"நீ மறந்தா சோறு குழையும். நான் மறந்தா ஒருத்தரு உசுரு போகும்."

செவ்வாய்க்கிழமை ஞாபகசக்திப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். சியாட்டில் மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை விற்றுவிட்டு வா என்பானாம். கார் ஓட்டிக்கொண்டு போக என்னைக் கூப்பிட்டார். தானே ஓட்டிப் போகப் பயமாக இருக்கிறதாம். வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அரைநாள் விடுப்பு. லிண்டாவிடம் பல்வலி என்றேன்.

டாக்டர் அம்மாள் என்னையும் உள்ளே உட்கார அனுமதித்தார். ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார், பதினொன்று பத்து காட்டும்படி. பிறகு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அக்கா மடியில் கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தார். போதும் என்று டாக்டர் சொன்ன பிறகும் இரண்டு வரை வந்துதான் நிறுத்தினார். ஐந்து வார்த்தையும் வரிசை மாறாமல் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

காரில் ஏறி பெல்ட் போட்டதும் அக்கா கேட்டார். "எல்லாஞ் செரியா இருந்தா, அன்னைக்கு எப்படி உட்டேன்?"

அந்த டாக்டரிடம் இதற்குப் பதில் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கிறது. அந்த ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "காபி குடிச்சிட்டுப் போவமாக்கா?" என்று கேட்டாள்.

இந்த நோட்டில் பொய் எழுதினால் யாரிடம் மறைக்கிறேன்? எழுதிவிடுகிறேன். காக்கஸ் அன்றைக்கு வடிவு போன் பண்ணவில்லை. யாரும் பண்ணவில்லை. மூலைக்குப் போங்கள் என்றதும் லிண்டா பிரிக்ஸ் மூலையில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று எல்லாரையும் பார்த்துக் கையசைத்தாள். நான் அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெரால்ட் மூன்று தடவை கேட்டதும் என் காதில் விழுந்தது. அக்கா கெஞ்சியதும் கேட்டது.

இன்னொன்றும் உண்டு. ஹால் கதவில் கண்ணாடி இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தேன். அக்கா முதலில் தன் நெஞ்சில் கை வைத்து 'ஒண்ணு' என்றார். இரண்டாவது தடவையும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் கார் நிறுத்துமிடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஆறுதலுக்குக் கேட்கவில்லை. அவர் என் பெயருக்கு விரல் மடக்க வந்துகொண்டிருந்தார், அதனால் கேட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

மூன்று நாளாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் குப்பைத்தொட்டி வைக்கப் பழகிவிட்டேன்.

மார்ச் 6, புதன்

நேற்று பதினான்கு மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு. இரண்டு பேரும் ஏழு ஏழு. இப்படி ஒரு இழுபறி நாற்பது வருடத்தில் பார்த்ததில்லை என்கிறார்கள். ஜூலை மாநாடு வரைக்கும் போகுமாம், ஒவ்வொரு ஆளும் முக்கியமாம். டீவியை நிறுத்தினேன். சுடலைமுத்து மறுபடி போட்டார். ஓட்டில்லாத மனிதருக்கு இப்போது திடீரென்று ஆர்வம்.

மாலை அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார். கட்சியின் மாவட்ட மாநாட்டுக்கு யாராவது வராவிட்டால் பதிலாகப் போகும் மாற்றுப் பிரதிநிதிப் பட்டியலில் இருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாராம். மருந்துக்கடை வேலையையும் விடப்போகிறாராம். வெள்ளிக்கிழமை கடிதம் கொடுக்கிறார்.

"டாக்டர் சரின்னுதானக்கா சொன்னாங்க."

"காய்தத்துல செரி. கை நம்பமாட்டேங்குதே. நாலுவாட்டி எண்ணியும் குப்பிய மூட மனசு வரமாட்டேங்குது. ஒரு நாளைக்கு ஒரு குழந்தைக்குத் தப்பா குடுத்துட்டன்னா?"

எனக்கு நாளை மறுநாள் வரை நேரம் இருக்கிறது. ஆபீஸ் கடிதம் திங்கட்கிழமை வருகிறதாம். இரண்டுக்கும் நடுவில் மூன்றே நாள். கடிதம் கையில் கிடைத்ததும் அன்றைக்கே சொல்லிவிடலாம். வேலையை விட்டாலும் இரண்டு வாரம் முன்னறிவிப்பு இருக்கும், ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர்களும் கொடுப்பார்கள்.

மார்ச் 8, வெள்ளி

கொடுத்துவிட்டார். முன்னறிவிப்பு வேண்டாம், வீட்டில் ஓய்வெடுங்கள் என்று மேனேஜர் அன்றே அனுப்பிவிட்டாராம். அவருக்கும் அந்தப் பத்திரிகைச் செய்திக்குப் பிறகு பயம்போல. கேக் வெட்டினார்களாம். ஒரு துண்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

சாப்பிட்டேன். எதிரில் நின்றார், சாப்பிடாமல் என்ன செய்ய?

மார்ச் 11, திங்கள்

கடிதம் வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்கு எனக்கு வேலை உண்டு. சுடலைமுத்து கேசரி கிண்டினார், முந்திரி தாராளமாக. "என்னட்டி, சந்தோசமாவே இல்லாத மாதிரி இருக்க" என்றார். பல்வலி என்றேன். அந்தப் பல் இன்னும் என்னிடம் இருக்கிறது பாருங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் பதில் சொல்கிறது.

இன்று சொல்லவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மதியம் லிண்டா என் மேஜையில் வந்து உட்கார்ந்து ஆப்பிள் தின்றாள். அடுத்த மாநிலத்தில் உங்க ஹாலரன் ஜெயிச்சிடுவார்போல, உனக்குக் கொண்டாட்டம்தான் என்றாள். தட்டச்சை நிறுத்தினேன். நான் ஹாலரன் பக்கம் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"மங்கைதான். டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. நான் மருந்து வாங்கப் போனப்போ, உங்க ஆவுடை எங்க பக்கம்னு ஒரே பெருமை. நானும் விடமாட்டேன், இழுத்துடுவேன்னு சொன்னேன்." ஆப்பிளைக் கடித்தாள். "அன்னைக்குக்கூட அந்த மூலையில உன்னைத் தேடினேன், கையாட்டலாம்னு. கண்ணுல படலை. உனக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

வேலைக்கு என்னை எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன். ஜனவரியிலேயே என்றாள். பட்டன் கிண்ணம் வைப்பதற்கு முன்பே.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால், கூச்சமாக இருக்கிறது, முதலில் எனக்காகத்தான்.

மார்ச் 13, புதன்

சுடலைமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீவியை நிறுத்தினார். பிறகு, "நாளைக்குப் போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்" என்றார். குளிக்கப் போகவில்லை. உட்கார்ந்தபடியேதான் இருந்தார்.

மார்ச் 14, வியாழன்

மூன்று மணிக்குப் போனேன். அக்கா முன்னறையில் மருந்துக்கடை வெள்ளைக் கோட்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஐந்து கோட்டு. "உக்காரு கண்ணு" என்றார். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் மூலையில இல்ல. வெளிய வராந்தாவுல நின்னேன். போன் பேசுத மாதிரி நடிச்சிக்கிட்டு நின்னேன். பதினேழாவது ஆள் நான்தான்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க ஒங்கள எண்ணுனீங்க. நெஞ்சுல கைய வச்சி ஒண்ணுன்னீங்க. ரெண்டு தடவையும். கண்ணாடி வழியா நான் பாத்தேன்."

திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருந்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எண்ணுனனா?"

"எண்ணுனீங்க."

"நெசமா எண்ணுனனா? கைய இப்படி வெச்சா?" நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

"அப்படித்தான்."

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல." என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். "எங்கம்மாளுக்கு வந்தது எனக்கு வல்ல. எனக்கு ஒண்ணுமில்ல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். பக்கத்தில் போகலாம் என்று ஒரு அடி எடுத்துவைத்தேன். கையை நீட்டி நிறுத்தினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எதுக்கு வெளிய நின்னே?"

"லிண்டா பாத்திருவாங்கன்னு. எனக்கு வேலை போயிரும்னு."

"அவ்வளவுதானா?"

அதற்கு என்ன சொல்வது? வேறு காரணம் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பெரிய காரணமாக, சொன்னால் அவருக்கும் சற்றுப் பொருத்தமாகப் படும் காரணமாக. இல்லை. அவ்வளவுதான் என்றேன்.

"அந்த டாக்டரு ரூம்புல எம்பக்கத்துலயே உக்காந்திருந்தியே ஆவுடை. நான் ஏழேழாக் கழிச்சிட்டிருந்தேன். நீ பாத்துட்டிருந்தே."

பதினைந்து வருடத்தில் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"பேப்பருக்கு எழுதி அனுப்புதேன்க்கா. ஒங்க மேனேஜர்ட்ட நானே போயிச் சொல்லுதேன்."

"நீதான் சொல்லோணும். நான் சொன்னா, மறதிக்காரி சாக்குச் சொல்றான்னு போயிருவாங்க. லிண்டாகிட்டயும் சொல்லு. அந்த ஜெரால்டுகிட்டயும் சொல்லு. எல்லார்கிட்டயும் உம்பேரப் போட்டுச் சொல்லு."

"சொல்லுதேன்."

"வேலை திரும்பக் குடுக்க மாட்டாங்க. அது தெரியுமல்ல?"

தெரியும் என்றேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்து சொல்லியிருக்க முடியும் என்பதையும், ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பாதி சொல்லிவிட்டு வருவதற்கு நான் போகவில்லை.  அக்கா எழுந்து இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். கோட்டை எடுத்து, கையை உள்ளே மடக்கி, நான்காக மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்.

"முப்பத்தேழு நாளா ஒங்ககிட்ட மறைச்சிட்டேன்க்கா. என்னைய மன்னிக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன்."

"முப்பத்தெட்டு" என்றார் அக்கா. "இந்த வருசம் பிப்ரவரிக்கு இருபத்தொம்பது."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் படியிலேயே நின்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.